ஸ்டோரிபுக்கில் குவெரிகள்: பாரம் எங்கே இருக்க வேண்டும்

பொத்தான், தேதிப் பெட்டி, எச்சரிக்கைப் பட்டை போன்ற காம்பொனென்ட்டுகளை ஸ்டோரிபுக்கில் காட்டுவது எளிது. அவற்றுக்கு வேண்டியதெல்லாம் பிராப்ஸ் வழியாக வந்துவிடுகிறது. ஆர்டர் பட்டியல், பயனர் விவரம், தேடல் முடிவுகள் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இவை திரையில் ஏறியதுமே சர்வரிடம் தரவு கேட்கின்றன. முன்னோட்டத்தில் சர்வர் கிடையாது. அதனால் சுழல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், அல்லது கிளையன்ட் இல்லை என்று சொல்லும் சிவப்புப் பிழைப்பெட்டி வந்து நிற்கும்.

இந்த இடத்தில் பல அணிகள் இரண்டில் ஒரு வழியைப் பிடிக்கின்றன. சிலர், தரவு கேட்கும் காம்பொனென்ட்டுகளுக்கு ஸ்டோரியே எழுதுவதில்லை. முன்னோட்டம் லேசாக இருக்கும், ஆனால் பயனர் தினமும் பார்க்கும் திரைகள் அதில் இருக்காது. மற்றவர்கள் அப்போலோ கிளையன்ட், முழு ஸ்கீமா, போலித் தரவு தயாரிக்கும் லைப்ரரி, நெட்வொர்க் வேண்டுதலுக்குப் போலிப் பதில் தரும் எம்எஸ்டபிள்யூ எல்லாவற்றையும் பிரிவியூ அமைப்புக் கோப்பில் கொண்டுவந்து வைக்கிறார்கள். எல்லாத் திரையும் வேலை செய்யும். ஆனால் ஒரு பொத்தானின் நிறத்தைச் சரிபார்க்க வந்த டிசைனரின் பிரவுசரும் அத்தனையையும் இறக்கியாக வேண்டும்.

இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. குவெரியின் பாரத்தை அந்தக் குவெரி தேவைப்படும் ஸ்டோரி சுமக்கட்டும். மற்ற ஸ்டோரிகளுக்கு அது தெரியவே வேண்டாம். இதை எப்படி நடைமுறைக்குக் கொண்டுவருவது என்பதே இந்த அத்தியாயம்.

பிரிவியூ கோப்பு ஏன் முக்கியம்

ஸ்டோரிபுக் 2016ஆம் ஆண்டு இலங்கையில் பிறந்தது. அருணோத சுசிரிபாலவின் கதிரா நிறுவனம் அதை ‘ரியாக்ட் ஸ்டோரிபுக்’ என்ற பெயரில் திறமூலமாக வெளியிட்டது. கதிரா மூடப்பட்ட பிறகு பங்களிப்பாளர்கள் சேர்ந்து அதை எடுத்து நடத்தினார்கள். அந்தக் காலத்து வடிவமைப்பில் எல்லா ஸ்டோரிகளும் ஒரே பண்டிலுக்குள் போகும். ஒரு ஸ்டோரி கனத்தால் எல்லாமே கனக்கும். 6.4 பதிப்பில் ஒவ்வொரு ஸ்டோரிக் கோப்பையும் கேட்கும்போது மட்டும் இறக்கும் முறை விருப்பத் தேர்வாக வந்தது. 2023இல் வந்த 7.0 பதிப்பில் அதுவே இயல்பு முறையானது. ஊபரில் உருவான லேடில், தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் ஒவ்வொரு ஸ்டோரியையும் தனித் துண்டாகப் பிரிக்கிறது.

இந்த மாற்றம் பெரியது. இப்போது ஓர் ஆர்டர் பட்டியல் ஸ்டோரி எவ்வளவு கனமாக இருந்தாலும், பொத்தான் ஸ்டோரியைத் திறப்பவருக்கு அது வராது. ஆனால் பிரிவியூ அமைப்புக் கோப்பு மட்டும் விதிவிலக்கு. அங்கே இறக்குமதி செய்யும் ஒவ்வொன்றையும், அங்கே போடும் ஒவ்வொரு டெக்கரேட்டரையும் எல்லா ஸ்டோரிகளும் சுமக்கின்றன. ஆகவே எந்த முன்னோட்டத்தை மெலியவைக்கப் போனாலும் நான் முதலில் திறந்து பார்ப்பது அந்தக் கோப்பைத்தான். தீம், எழுத்துரு, மொழி அமைப்பு இவை மூன்றும் அங்கே இருக்கத் தகுந்தவை. தரவுக் கிளையன்ட் அங்கே இருந்தால், காரணம் கேட்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்: கிளையன்ட்டைச் சுற்றிவைக்கும் டெக்கரேட்டரைத் தனிக் கோப்பாக எழுதுங்கள். தேவைப்படும் ஸ்டோரிக் கோப்புகள் மட்டும் அதை இறக்குமதி செய்துகொள்ளட்டும். ஐம்பது கோப்புகளில் ஒரே வரியைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறதே என்று தோன்றலாம். அந்த வரி வீணல்ல. இந்தக் காம்பொனென்ட் சர்வரைத் தொடுகிறது என்பதை ஸ்டோரியைப் படிப்பவருக்கு அதுவே சொல்லிவிடுகிறது.

எந்த அளவைப் பற்றிப் பேசுகிறோம்

‘ஸ்டோரிபுக் கனமாகிவிட்டது’ என்று யாராவது சொன்னால், எது கனம் என்று கேளுங்கள். கணினியில் நிறுவப்படும் பொதிகளின் அளவு, டெவ் சர்வர் எழுந்து நிற்கும் நேரம், சிஐயில் பில்ட் ஆகும் நேரம், ஒரு ஸ்டோரியைத் திறக்க பிரவுசர் இறக்கும் பைட்டுகள் என்று நான்கு வேறு விஷயங்கள் இந்த ஒரே புகாருக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒன்பதாம் பதிப்பில் ஸ்டோரிபுக் குழு தன் சார்புப் பொதிகளை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. அது நிறுவும் அளவைப் பற்றியது. உங்கள் முன்னோட்டத்தில் நீங்களே சேர்த்த ஸ்கீமா கோப்பை அது மெலியவைக்காது.

கருவிகள் தரும் எச்சரிக்கைகளையும் அளந்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கோப்பு 244 கிபியைத் தாண்டினால் வெப்பேக் மஞ்சள் எச்சரிக்கை தரும்; வீட் 500 கேபிக்கு மேல் போனால் முணுமுணுக்கும். இந்த எல்லைகள் பொதுமக்கள் கைப்பேசியில் திறக்கும் தளங்களை மனதில் வைத்து வந்தவை. முன்னோட்டத்தைத் திறப்பவர் பெரும்பாலும் உங்கள் அணியில் ஒருவர், நல்ல இணைப்பில் இருப்பவர். எச்சரிக்கையை அடக்குவதற்காக ஒரு ஸ்டோரியின் பிழைநிலையைக் காட்டாமல் விடுவது மோசமான பேரம். முன்னோட்டத்தில் இன்னொரு 100 கேபி பெரிய குற்றம் இல்லை. அது எல்லா ஸ்டோரிக்கும் பரவினால் குற்றம். தயாரிப்புப் பண்டிலுக்குள் கசிந்தால் பெருங்குற்றம்.

கசிவு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். ஒரு கோப்புறையின் இண்டெக்ஸ் கோப்பு அந்தக் கோப்புறையில் உள்ள எல்லாவற்றையும் மறு ஏற்றுமதி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வசதிக்காக யாரோ மாக் தரவையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறார். இப்போது தயாரிப்பு நிரல் அந்த இண்டெக்ஸிலிருந்து ஒரே ஒரு காம்பொனென்ட்டை எடுத்தாலும், பண்ட்லர் மாக் கோப்பையும் எட்டிப் பார்த்தாக வேண்டும். அதில் பக்கவிளைவு இல்லை என்று பண்ட்லரால் உறுதிசெய்ய முடியாவிட்டால், அதுவும் பயனருக்குப் போய்ச் சேரும். மாக் தரவை இண்டெக்ஸ் வழியாக ஒருபோதும் ஏற்றுமதி செய்யாதீர்கள். ஸ்டோரிக் கோப்பு அதை முழுப் பாதையில் நேரடியாக எடுத்துக்கொள்ளட்டும்.

குவெரியே வேண்டாத ஸ்டோரிகள்

2015இல் டான் அப்ரமோவ் எழுதிய கட்டுரை ஒன்று, தரவு கொண்டுவரும் காம்பொனென்ட்டையும் அதைக் காட்டும் காம்பொனென்ட்டையும் பிரித்து எழுதும் முறையைப் பரவலாக்கியது. ஹூக்குகள் வந்த பிறகு 2019இல் அவரே, இனி இப்படி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டாம் என்று அதில் குறிப்பு சேர்த்தார். தயாரிப்பு நிரலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. முன்னோட்டத்தைப் பொறுத்தவரை அந்தப் பிரிவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து.

கேட்ஸ்பியில் இது கண்கூடு. அங்கே யூஸ்ஸ்டாட்டிக்குவெரி ஹூக் பிரவுசரில் எந்தக் குவெரியையும் ஓட்டுவதில்லை. கேட்ஸ்பியின் பில்ட் அந்தக் குவெரியை நிரலிலிருந்து பிடுங்கி, முன்கூட்டியே இயக்கி, விடையை மட்டும் உள்ளே வைக்கிறது. ஸ்டோரிபுக் வேறொரு பில்டில் ஓடுவதால் அந்தப் பிடுங்கல் நடப்பதில்லை; காம்பொனென்ட் பிழையில் விழுகிறது. அதற்கென்று இருக்கும் பேபல் பிளக்கினைச் சேர்த்து, கேட்ஸ்பி பில்ட் செய்த பப்ளிக் கோப்புறையையும் முன்னோட்டத்துக்குக் காட்டினால் ஓடவைக்கலாம். ஆனால் அப்போது ஒவ்வொரு முன்னோட்டத்துக்கும் முன்னால் முழுத் தளத்தையும் ஒருமுறை பில்ட் செய்ய வேண்டும். தளத் தலைப்பைக் காட்டும் ஒரு மேற்பட்டைக்கு அந்த விலை அதிகம். தலைப்பைப் பிராப்பாக வாங்கும் உள் காம்பொனென்ட்டை ஏற்றுமதி செய்து, அதற்கு ஸ்டோரி எழுதினால் இரண்டு வரியில் வேலை முடிந்தது.

ஒரு காம்பொனென்ட்டின் தோற்ற வேறுபாடுகள் எல்லாவற்றையும் இப்படித் தூய வடிவில் காட்டுங்கள். நீளமான பெயர், படமில்லாத பயனர், நூறு வரிசைப் பட்டியல், இருண்ட தீம், சிறிய திரை எதற்கும் குவெரி தேவையில்லை. தமிழ்த் தளம் என்றால், மூன்று வரிக்கு நீளும் ஒரு தமிழ் முகவரியையும் மாதிரித் தரவில் வையுங்கள். ஆங்கில மாதிரியில் அழகாக அடங்கிய கட்டம் அங்கேதான் உடையும்.

குவெரி இல்லாமல் காட்ட முடியாதவை

தரவு வருவதற்குமுன் திரை எப்படி இருக்கிறது, வராமலே போனால் என்ன சொல்கிறது, பாதி மட்டும் வந்தால் என்ன ஆகிறது, அடுத்த பக்கம் கேட்டால் பட்டியல் தாவுகிறதா, பொத்தானை அழுத்தியதும் பதில் வருமுன் என்ன தெரிகிறது: இவையெல்லாம் குவெரி லைப்ரரியும் காம்பொனென்ட்டும் சேர்ந்து தீர்மானிக்கும் விஷயங்கள். பிராப்ஸால் நடித்துக் காட்டினால் நடிப்புதான் கிடைக்கும். கிராஃப்கியூஎல்லில் இது இன்னும் நுட்பமானது. பதில் வெற்றிக் குறியீடு 200உடன் வந்து, உள்ளே கொஞ்சம் தரவும் கொஞ்சம் பிழையும் சேர்ந்திருக்கலாம். அந்த நிலைக்கு ஸ்டோரி எழுதிய அணிகளை நான் அரிதாகவே பார்க்கிறேன். பயனர்கள் அதைச் சந்திப்பது அவ்வளவு அரிதல்ல.

இப்படிப்பட்ட ஸ்டோரிகளுக்கு, குறைந்த பாரத்திலிருந்து தொடங்குங்கள். டான்ஸ்டாக் குவெரி பயன்படுத்துகிறீர்கள் என்றால், ஸ்டோரியின் டெக்கரேட்டரில் புதிய குவெரி கிளையன்ட் ஒன்றை உருவாக்கி, அந்தக் குவெரியின் சாவிக்கு நேராக விடையை முன்கூட்டியே போட்டுவிடலாம். தரவு பழசாகாத நேரத்தை முடிவிலி என்று வைத்தால் அது நெட்வொர்க் பக்கமே போகாது. காம்பொனென்ட் எப்படியும் அந்த லைப்ரரியை இழுத்து வருவதால், கூடுதல் பாரம் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்போலோவில் மாக்டு புரொவைடர் இதே வேலையைச் செய்கிறது. ஒரு எச்சரிக்கை: வேரியபிள்கள் அச்சு மாறாமல் பொருந்த வேண்டும். பக்க எண் 1 என்று மாக்கில் இருந்து, காம்பொனென்ட் 0 கேட்டால், மாக் பதில் தீர்ந்துவிட்டது என்று பிழை வரும். பலர் அதைப் பார்த்து கிளையன்ட் அமைப்பைக் குடைவார்கள். பார்க்க வேண்டியது வேரியபிளை.

கிளையன்ட்டை ஸ்டோரிக்கு ஒன்றாகப் புதிதாக உருவாக்குவதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரே கிளையன்ட்டைப் பகிர்ந்தால், ‘தரவு உண்டு’ ஸ்டோரியைப் பார்த்துவிட்டு ‘ஏற்றப்படுகிறது’ ஸ்டோரிக்குப் போகும்போது கேஷில் இருக்கும் பழைய பட்டியல் அங்கேயும் தெரியும். அதுபோல டான்ஸ்டாக் குவெரி தோல்வியடைந்த வேண்டுதலை இயல்பாக மூன்று முறை மீண்டும் முயலும், ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கும். ஒன்று, இரண்டு, நான்கு நொடி. உங்கள் பிழை ஸ்டோரி ஏழு நொடிக்குமேல் சுழல் வட்டத்தைக் காட்டிவிட்டுத்தான் பிழையைக் காட்டும். படத்தை ஒப்பிட்டுச் சோதிக்கும் கருவி அதற்குள் வட்டத்தைப் படமெடுத்துக்கொண்டு போய்விடும். முன்னோட்டக் கிளையன்ட்டில் மறுமுயற்சியை அணைத்துவிடுங்கள்.

கேஷில் விடையைப் போடுவதால் தீராத ஸ்டோரிகளுக்கு நெட்வொர்க் நிலையில் மாக் வேண்டும். அதற்கு எம்எஸ்டபிள்யூ தான் இன்று சரியான தேர்வு. பிரவுசரின் சர்வீஸ் ஒர்க்கர் வேண்டுதலை வழியிலேயே பிடித்து, நீங்கள் எழுதிய ஹேண்ட்லரிடம் கொடுக்கிறது. காம்பொனென்ட்டுக்குத் தான் மாக்கோடு பேசுகிறோம் என்பதே தெரியாது. முடிவற்ற தாமதம் கொடுத்தால் ஏற்றப்படும் நிலை அப்படியே உறைந்து நிற்கும். பிழைப் பதில் கொடுத்தால் பிழைநிலை வரும்.

இதன் பாரம் இரண்டு இடத்தில் பிரிந்து உட்கார்கிறது. ஒர்க்கர் கோப்பு தனியாக, பண்டிலுக்கு வெளியே இருக்கிறது. அது பிரச்சினை இல்லை. வேண்டுதலையும் ஹேண்ட்லரையும் பொருத்திப் பார்க்கும் பகுதி முன்னோட்டத்துக்குள் வருகிறது. கிராஃப்கியூஎல் ஹேண்ட்லர் வைத்தால், வரும் குவெரியின் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு பார்சரும் கூடவே வேண்டும். நீங்கள் ஏற்கெனவே அப்போலோ வைத்திருந்தால் அதே கிராஃப்கியூஎல் பொதியை அதுவும் பயன்படுத்துகிறது, எனவே பாரம் இரட்டிப்பாகாது. ஆனால் இரண்டும் வெவ்வேறு பதிப்பைப் பிடித்திருந்தால் இரண்டு பிரதி உள்ளே வரும். பொதி மேலாளரிடம் அந்தப் பொதியின் மரத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். ஒரே பதிப்பு ஒருமுறை மட்டும் இருக்க வேண்டும்.

ஹேண்ட்லர்களை ஸ்டோரியின் பாராமீட்டர்களில் வையுங்கள். எல்லா ஏபிஐக்குமான ஒரே பெரிய ஹேண்ட்லர் பட்டியலைப் பிரிவியூ கோப்பில் வைத்தால், தொடக்கத்தில் வசதியாக இருக்கும். ஆறு மாதத்தில் எந்தத் தரவு எந்த ஸ்டோரிக்கு என்றே தெரியாது. பெரிய மாதிரித் தரவு தேவைப்பட்டால் ஹேண்ட்லருக்குள்ளேயே டைனமிக் இம்போர்ட் செய்யுங்கள். ஹேண்ட்லர் அசிங்க் ஆக இருக்க அனுமதி உண்டு. வேண்டுதல் வந்த பிறகுதான் அந்த ஜேசான் தனித் துண்டாக இறங்கும். ஏற்றப்படும் நிலையை மட்டும் பார்க்கிறவருக்கு அது வரவே வராது. ஹேண்ட்லர் இல்லாத ஏபிஐ வேண்டுதல்களை வெறும் எச்சரிக்கையாக விடாமல் பிழையாக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னோட்டம் ஏதோ ஒரு நாள் உண்மையான சர்வரோடு பேசத் தொடங்கும்.

சர்வீஸ் ஒர்க்கர் எச்டிடிபிஎஸ் முகவரியிலோ லோக்கல்ஹோஸ்டிலோ மட்டுமே ஓடும். அலுவலக வலையமைப்பில் வெறும் ஐபி எண்ணில் முன்னோட்டத்தை வைத்தால் எல்லாக் குவெரி ஸ்டோரியும் ஒன்றாக உடையும். துணைப்பாதையில் வைத்தால் ஒர்க்கர் கோப்பின் பாதையைத் தெளிவாகக் கொடுக்க வேண்டும்.

ஸ்கீமாவை உள்ளே கொண்டுவராதீர்கள்

ஸ்கீமாவைக் கொடுத்துவிட்டால் எந்தக் குவெரிக்கும் தானாகவே போலி விடை தரும் கருவிகள் உண்டு. முதல் பார்வையில் இதைவிட வசதி வேறில்லை. ஆனால் அதற்கு முழு ஸ்கீமாவும், அதை இயக்கும் எக்ஸிகியூட்டரும் பிரவுசருக்குள் வர வேண்டும். கிட்ஹப் வெளியிடும் பொது ஸ்கீமா பல பத்தாயிரம் வரி நீளம். அதில் நான்கு புலம் மட்டும் கேட்கும் ஒரு கார்டுக்காக அத்தனையும் சுமப்பதா? தானாக வரும் விடையும் பயனற்றது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஹலோ வேர்ல்டு’ என்று வந்தால் டிசைனர் எதைச் சரிபார்ப்பார்?

ஸ்கீமாவிலிருந்து நமக்கு உண்மையில் வேண்டியது, மாதிரித் தரவு அதோடு முரண்படக் கூடாது என்ற உறுதி. அந்த உறுதியை டைப்ஸ்கிரிப்ட் டைப்புகள் தருகின்றன, பில்டில் அவற்றுக்கு ஒரு பைட்கூடச் செலவில்லை. கிராஃப்கியூஎல் கோட்ஜென் கொண்டு ஒவ்வொரு குவெரிக்கும் விடையின் டைப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள்; மாதிரித் தரவைக் கையால் எழுதி, அந்த டைப்பைப் பூர்த்திசெய்கிறதா என்று கம்பைலரைக் கேளுங்கள். சர்வர் அணி ஒரு புலத்தை நீக்கி, நீங்கள் டைப்பைப் புதுப்பித்த அன்றே மாதிரித் தரவு சிவப்பாகும். கோட்ஜென் இன்னொரு நன்மையும் செய்கிறது: குவெரிகளை முன்கூட்டியே மாற்றிவைப்பதால் பிரவுசரில் உட்கார்ந்து பார்ஸ் செய்ய வேண்டியதில்லை. ரிலே இதைத் தன் கம்பைலரால் செய்துவருகிறது.

போலித் தரவு லைப்ரரிகளில் ஃபேக்கர் பிரபலம். அதை முதன்மை வாசல் வழியே இறக்குமதி செய்தால் எல்லா மொழிகளின் பெயர்ப் பட்டியலும் சேர்ந்து வரும்; தேவையான மொழியின் துணைப்பாதையிலிருந்து மட்டும் எடுங்கள். விதை எண் ஒன்றை நிலையாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு ஓட்டத்திலும் பெயர் மாறி, பட ஒப்பீட்டுச் சோதனை பொய்யாக அலறும். என் பரிந்துரை இதையும் தாண்டியது: முன்னோட்டத்துக்கு ஃபேக்கரே வேண்டாம். கவனமாக எழுதிய எட்டுப் பத்து மாதிரிகள், தற்செயலாக வந்த ஆயிரத்தைவிட அதிகம் காட்டும். உண்மைச் சர்வரிலிருந்து பதிவெடுத்த ஜேசானை அப்படியே ஒட்டும் பழக்கமும் வேண்டாம். அதில் நீங்கள் காட்டாத புலங்கள் நிறைய இருக்கும், யாரோ ஒருவரின் தொலைபேசி எண்ணும் இருக்கக்கூடும். முன்னோட்டம் பெரும்பாலும் பொது முகவரியில் வெளியாகிறது என்பதை மறக்க வேண்டாம்.

தமிழ் மாதிரித் தரவு எழுதுபவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு. தமிழின் ஒவ்வொரு குறியீட்டு எழுத்தும் யுடிஎஃப்-8இல் 3 பைட். இஎஸ்பில்டைத் தனியாகப் பயன்படுத்தினால், அது இயல்பில் ஆஸ்கி அல்லாத எழுத்துகளை எண் வடிவமாக மாற்றி எழுதும்; ஒவ்வொன்றும் 6 பைட் ஆகிவிடும். எழுத்துத் தொகுதியை யுடிஎஃப்-8 என்று அமைத்துவிட்டால் போதும்.

அளந்து பார்க்கும் வேலை

ஸ்டோரிபுக் பில்டை ஸ்டாட்ஸ் கோப்போடு எடுக்கச் சொன்னால், எந்த மாட்யூல் எந்த வழியாக உள்ளே வந்தது என்ற விவரம் கிடைக்கும். வெப்பேக் என்றால் பண்டில் அனலைசர், வீட் என்றால் ரோலப் விஷுவலைசர் அதைக் கட்டங்களாக வரைந்து காட்டும். மொத்த அளவைப் பார்த்து மனம் நொந்துபோகாதீர்கள். ஸ்டோரிகள் கூடக்கூட மொத்தம் கூடத்தான் செய்யும். இரண்டு எண்களுக்கு மட்டும் வரம்பு வையுங்கள். ஒன்று, எல்லா ஸ்டோரிக்கும் பொதுவாக இறங்கும் பகுதி. இதற்கு மிகப் பழைய, மிக எளிய ஒரு ஸ்டோரியை எடுத்து, கேஷை அணைத்து, நெட்வொர்க் பலகத்தில் அளக்கலாம். இரண்டாவது, அதிகக் கனமான ஒற்றை ஸ்டோரி. முதல் எண் கூடினால் அந்த மாற்றத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது கூடினால் ஏன் என்று கேளுங்கள். நல்ல காரணம் இருந்தால் விடுங்கள்.

சிஐயில் பட ஒப்பீட்டுக்காக மட்டும் பில்ட் செய்கிறீர்கள் என்றால், எட்டாம் பதிப்பிலிருந்து ஸ்டோரிபுக் பில்டுக்கு டெஸ்ட் என்ற கொடி உண்டு. ஆவணப் பக்கங்கள், பிராப்ஸ் அட்டவணை போன்ற, சோதனைக்குத் தேவைப்படாதவற்றை அது விட்டுவிடுகிறது. குவெரி ஸ்டோரிகளைக் குறைப்பதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

கடைசியாகத் தயாரிப்பு பில்டின் பக்கம் ஒரு பார்வை. எம்எஸ்டபிள்யூவைத் தொடங்கும் கட்டளைக்கு வழக்கமாகப் பப்ளிக் கோப்புறையைக் கொடுப்போம். ஒர்க்கர் கோப்பு அங்கே எழுதப்படும். பப்ளிக்கில் இருப்பதையெல்லாம் வீட் அப்படியே வெளியீட்டுக்கு நகலெடுப்பதால், அந்த ஒர்க்கர் உங்கள் உண்மைத் தளத்தோடும் சேர்ந்து வெளியாகிறது. அதற்குப் பதிலாக ஸ்டோரிபுக் அமைப்புக் கோப்புறைக்குள் தனியாக ஒரு பப்ளிக் கோப்புறை வைத்து, ஒர்க்கரை அங்கே உருவாக்கி, ஸ்டாட்டிக் கோப்புறைப் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். மாக் தரவுக் கோப்புகள் ஒவ்வொன்றிலும் வேறெங்கும் வராத ஓர் அடையாளச் சொல்லை ஒரு புலத்தின் மதிப்பாக வையுங்கள். கமெண்ட்டாக எழுதினால் சுருக்கும்போது அழிந்துவிடும். தயாரிப்பு பில்ட் முடிந்ததும் வெளியீட்டுக் கோப்புறையில் அந்தச் சொல்லையும் ஒர்க்கர் கோப்பின் பெயரையும் சிஐ தேடட்டும். ஒரே ஒரு இடத்தில் கிடைத்தாலும் பில்ட் அங்கேயே நிற்க வேண்டும்.